சத்தம் மட்டும்தான் குறைஞ்சுதா?

நம்ம காலேஜ் பார்க்கிங்ல சைலன்சர் மாத்தின புல்லட் ஒண்ணாவது நிக்கும். "ஏன் மாத்தினே?"னு கேட்டுப் பாருங்க. "கம்பெனி சைலன்சர் வண்டிய இழுத்துப் பிடிக்குதுங்க, இது ஃப்ரீயா விடுது"ங்கிற பதில்தான் பெரும்பாலும் வரும். பாதி கதையா இருந்தாலும் அதுல பாதி உண்மை இருக்கு. சைலன்சர் புகையின் வழியில குறுக்கே நிக்குது. வெளியே தள்ள இன்ஜின் கொஞ்சம் கூடுதலா உழைக்கணும். அதனாலதான் "சத்தம் குறையணும்னா பவர் குறையும்"னு ஒரு நம்பிக்கை நம்ம மனசுல ஊறிப் போயிருக்கு.

விமான இன்ஜினுக்கும் இது பொருந்துமா? சில இடத்துல பொருந்தும், சில இடத்துல தலைகீழாத்தான் நடக்கும். எந்த இடத்துல எது நடக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, அதை எப்படிச் சோதிக்கிறாங்க என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏரோ மாணவர்களுக்கு மட்டும் இல்லை, மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், ஈசிஇ மாணவர்களுக்கும் இதுல வேலை இருக்கு. கடைசியில நீங்களே செஞ்சு பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் சொல்றேன்.

சிங்காநல்லூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகப் படுத்திருக்கு. நீளம் 2,990 மீட்டர். தென்மேற்கு முனையைத் தாண்டினா பீளமேடு, மசக்காளிபாளையம், சிங்காநல்லூர், ராமநாதபுரம்னு நெருக்கமான குடியிருப்புகள். இங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களுக்கு, போன்ல பேசிட்டு இருக்கும்போது "ஒரு நிமிஷம், பிளேன் போகட்டும்"னு சொல்றது பழகிப் போன விஷயம்.

ஒரு புது விமானம் சத்த விதிக்குள்ள வருதான்னு பார்க்க, உலகம் முழுக்க மூணு இடத்துல மைக் வைக்கிறாங்க. இது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி.

முதல் இடம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 450 மீட்டர் தள்ளி. இரண்டாவது, விமானம் ஓட ஆரம்பித்த புள்ளியிலிருந்து நேராக 6,500 மீட்டர் தூரத்தில், மேலேறும் விமானத்துக்கு நேர் கீழே. மூன்றாவது, இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால். அந்த இடத்துல விமானம் தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். எப்படின்னா, விமானம் முனைக்கு 300 மீட்டர் உள்ளே தரையைத் தொடுற மாதிரி 3 டிகிரி சரிவில் இறங்குது. 2,300 மீட்டரை 3 டிகிரியின் டேன் மதிப்பால் பெருக்கிப் பாருங்க, 120 வரும்.

இந்தச் சோதனைகளைத் தயாரிப்பு நிறுவனங்கள் அவங்க தளத்துல நடத்துவாங்க, கோவையில இல்லை. ஆனா அதே அளவை நம்ம ஊர் மேப்ல போட்டுப் பாருங்க. வடகிழக்கு முனையிலிருந்து தென்மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானத்துக்கு 6,500 மீட்டர் புள்ளி, ஓடுபாதை முடிஞ்சு சுமார் மூன்றரை கிலோமீட்டரில் வரும். அதாவது ராமநாதபுரம்–சிங்காநல்லூர் வட்டாரத்தில். அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் விமானத்துக்கான 2,000 மீட்டர் புள்ளியும் வீடுகளுக்கு மேலதான். ஆக, விதிப்புத்தகத்துல மைக் வைக்கச் சொல்ற இடத்துல நம்ம ஊர்ல மனுசங்க தூங்கிட்டு இருக்காங்க.

விதியும் வருஷா வருஷம் இறுகிட்டே வருது. மூன்று மைக்கிலும் வரம்புக்குக் கீழே எவ்வளவு இருக்குன்னு கூட்டிப் பார்ப்பாங்க. 1977-ல் வந்த வரம்பைவிட 2006-க்குப் பிறகு வந்த புது ரகங்கள் மொத்தமா 10 டெசிபல் கீழே இருக்கணும். 2017 டிசம்பர் 31-க்குப் பிறகு பெரிய விமானங்களுக்கு அது 17 டெசிபல். இந்த டெசிபல் நம்ம போன் ஆப் காட்டும் டெசிபல் இல்லை. காதுக்கு எரிச்சலான கீச்சொலிக்கும், சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்குது என்பதுக்கும் சேர்த்துத் திருத்தம் செய்த அளவு.

பட்டறையில் கேட்கும் ஜெட்

ஜெட் சத்தத்தைப் புரிஞ்சுக்க விமானம் வேண்டாம். கணபதி பக்கமோ பீளமேடு பக்கமோ ஒரு லேத் பட்டறைக்குப் போங்க. ஜாப்ல ஒட்டின பிசிரை ஊதித் தள்ள ஏர் கன் வச்சிருப்பாங்க. அதை அழுத்தினதும் "புஸ்ஸ்ஸ்"னு காதைக் கிழிக்குதே, அதுதான் ஜெட் சத்தம். அங்க சுத்துற பாகம் எதுவும் இல்லை, அதிரும் தகடும் இல்லை. வேகமா வர்ற காற்று, சும்மா நிக்கிற காற்றோட உரசிக் கலக்கும்போது சுழல்கள் உருவாகுது. அந்தச் சுழல்களே சத்தம் போடுது.

இதைக் கணக்காக எழுதினவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் லைட்ஹில். 1952-ல் வந்த அவரோட ஆய்வுக் கட்டுரை சொன்ன முடிவு பயங்கரமானது: ஜெட் வெளியிடும் ஒலியின் திறன், ஜெட் வேகத்தின் எட்டாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். வேகம் இரண்டு மடங்கானா ஒலித்திறன் 256 மடங்கு. டெசிபல்ல சொன்னா 24 கூடும். வேகத்தைப் பாதியாக்கினா 24 குறையும். டெசிபல் கணக்கு மறந்திருந்தா ஒரு வரி: 3 டெசிபல் குறைஞ்சா ஒலித்திறன் பாதி, சுமார் 10 குறைஞ்சாத்தான் நம்ம காது "சத்தம் பாதியாச்சு"ன்னு ஒத்துக்கும்.

"அப்ப ஜெட் வேகத்தைக் குறைச்சா போதுமே?" சரிதான். ஆனா அந்த வேகம்தானே விமானத்தைத் தள்ளுது? வேகத்தைக் குறைச்சா உந்துவிசை போயிடாதா? 1950-களில் இருந்த பொறியாளர்களுக்கும் இதே சிக்கல்தான்.

முதல் வழி: வாயில் எதையாவது மாட்டுவது

1960-ல் ஏர் இந்தியா தன் முதல் ஜெட் விமானங்களை வாங்கியது. போயிங் 707, அதில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கான்வே இன்ஜின். பழைய போட்டோ கிடைச்சா அந்த இன்ஜினின் பின்பக்கத்தைப் பாருங்க. வட்டமான குழாய் இருக்காது. பூவிதழ் மாதிரி நெளிநெளியா இருக்கும். அது அழகுக்காக இல்லை. ரோல்ஸ் ராய்ஸில் இருந்த ஃபிரெடரிக் கிரேட்ரெக்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய சத்தக் குறைப்பு முறை.

யோசனை எளிமையானது. ஒரே பெரிய ஜெட்டை நெளிவுகளால் பிரிச்சா, வெளிக்காற்று இடுக்குகள் வழியா உள்ளே நுழைஞ்சு சீக்கிரம் கலக்கும். பெரிய சுழல்களுக்குப் பதிலா சின்னச் சுழல்கள் வரும். சின்னச் சுழல் கீச்சுன்னு உயர் அதிர்வெண்ணில் கத்தும், அதைக் காற்றே வழியில நிறைய உறிஞ்சிடும். அந்தக் காலத்தில் நியூயார்க் விமான நிலையங்களை நடத்திய அமைப்பு ஜெட் விமானங்களுக்குச் சத்த வரம்பு வச்சிருந்தது. அதனால இப்படி ஏதாவது ஒண்ணு இல்லாம அங்க இறங்கி ஏறுறதே சிரமம்.

பலன் கிடைச்சது, ஆனா விலை கொடுக்க வேண்டியிருந்தது. நெளிந்த நாசிலின் எடை கூடுதல். காற்று உரசும் பரப்பு கூடுதல். உந்துவிசையில் ஒரு பங்கு போச்சு. விமானம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிற சில நிமிஷத்துக்காக மாட்டின பொருள், வானத்தில் பல மணி நேரம் எரிபொருளைக் கூடுதலா குடிச்சது. இது புல்லட் சைலன்சர் கதையேதான்.

இரண்டாவது வழி: சத்தம் பிறக்கும் காரணத்தையே குறைப்பது

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேப்பர், பேனா எடுத்துக்கங்க.

நின்ற இடத்துல இருக்கிற ஒரு இன்ஜின். உந்துவிசை என்பது விநாடிக்கு வெளியேறும் காற்றின் நிறை × வேகம். அதே உந்துவிசை வேணும், ஆனா வேகத்தைப் பாதியாக்கணும். அப்ப விநாடிக்கு இரண்டு மடங்கு காற்றை அனுப்பணும். பாதி வேகத்தில் இரண்டு மடங்கு காற்று போகணும்னா, நாசிலின் பரப்பு நாலு மடங்கு ஆகணும்.

சத்தம் என்னாச்சு? எட்டாவது அடுக்கால் 256-ல் ஒரு பங்கு, பரப்பு கூடினதால் நாலு மடங்கு. மொத்தத்தில் 64-ல் ஒரு பங்கு. அதாவது 18 டெசிபல் குறைவு.

காற்றுக்குக் கொடுத்த சக்தி என்னாச்சு? இயக்க ஆற்றல் அரை × நிறை × வேகத்தின் வர்க்கம். நிறை இரண்டு மடங்கு, வேக வர்க்கம் கால் பங்கு. மொத்தம் பாதி!

இங்க கொஞ்சம் நில்லுங்க. உந்துவிசை அதேதான். சத்தம் 18 டெசிபல் குறைவு. செலவான சக்தியும் பாதி. எதையும் விட்டுக்கொடுக்கலை, ரெண்டு பக்கமும் லாபம். காரணம் இதுதான்: காற்றைத் தேவைக்கு மேல வேகமா துப்புறது ஒரு வீண்செலவு. அந்த வீணின் ஒரு சின்னத் துளிதான் சத்தமா நம்ம காதுக்கு வருது. வீணைக் குறைச்சா சத்தமும் கூடவே குறையும். வீட்டுல பாருங்களேன், ஹேர் டிரையர் கத்தும், சீலிங் ஃபேன் கத்தாது. ரூம் முழுக்கக் காத்து தர்றது எது?

இதைத்தான் பைபாஸ் இன்ஜின் செய்யுது. முன்னால ஒரு பெரிய விசிறி. அது இழுக்கும் காற்றில் ஒரு சின்னப் பங்கு மட்டும் உள்ளே போய் எரியும், மீதி எரியாமல் சுற்றி வெளியே போகும். சுற்றிப் போகும் காற்றுக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் உள்ள விகிதம்தான் பைபாஸ் விகிதம்.

கோவைக்கு அடிக்கடி வர்ற இண்டிகோவையே எடுத்துக்குவோம். அவங்களோட பழைய ஏ320-ல் இருந்தது வி2500 இன்ஜின். விசிறியின் விட்டம் சுமார் 161 சென்டிமீட்டர், பைபாஸ் விகிதம் 5-க்குக் கீழே. 2016 முதல் வந்த ஏ320 நியோவில் பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த இன்ஜின் வந்தது. விசிறி 206 சென்டிமீட்டர், விகிதம் 12-க்கு மேல். தயாரிப்பாளர் சொல்லும் கணக்குப்படி எரிபொருள் 16% மிச்சம், சத்தம் விழும் நிலப்பரப்பு 75% குறைவு. ஒரே மாற்றம், இரண்டு பலன்.

ஆனா விசிறியும் கத்துமே!

ஜெட்டை அடக்கினதும் அதுவரை மறைஞ்சிருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்துச்சு. விசிறியின் சத்தம். வி2500-ன் விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 5,600 சுற்று சுத்தும். விட்டத்தை வச்சுப் பெருக்கிப் பாருங்க, இறக்கையின் நுனி விநாடிக்கு 470 மீட்டர் வேகம் வரும். ஒலியின் வேகமே சுமார் 340 தான். நுனியில் அதிர்வலைகள் உண்டாகி, ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். டேக்-ஆஃப் நேரத்தில் இறக்கைக்கு முன்னால் சீட் கிடைச்சவங்க கேட்டிருப்பீங்க.

விசிறியை மெதுவா சுத்த வைக்கலாம். ஆனா அதே தண்டில் இருக்கிற டர்பைன் வேகமா சுத்தினாத்தான் நல்லா வேலை செய்யும். அதுக்குத்தான் நடுவுல கியர். விசிறி ஒரு சுற்று சுத்தும்போது டர்பைன் ஏறக்குறைய மூணு சுற்று சுத்தும். ஒவ்வொண்ணுக்கும் அதுக்குப் பிடிச்ச வேகம். கோவைக்காரங்களுக்கு கியர்பாக்ஸ் பத்திப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. பல ஆயிரம் குதிரைத்திறனைச் சூடாகாம, எடை கூடாம கடத்துறதுதான் அங்க சவால்.

மீதிச் சத்தத்தை உறிஞ்ச, இன்ஜின் உறையின் உள்சுவரில் பொடித் துளை போட்ட தகடும் அதுக்குப் பின்னால தேன்கூடு அறைகளும் வச்சிருக்காங்க. ஒவ்வொரு அறையும் காலி பாட்டில் மாதிரி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைந்து அதைத் தின்னுடும். அறையின் ஆழம் அலைநீளத்தின் கால் பங்கு இருந்தா நல்லது. 2,000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல. குறைந்த அதிர்வெண்ணுக்கு ஆழம் கூடணும், அதுக்கு உறைக்குள்ள இடம் இருக்காது. துளை போட்ட தகடு மழமழ தகட்டைவிடக் காற்றைக் கொஞ்சம் கூடுதலா உரசும். இங்கயும் ஒரு சின்ன விலை இருக்கு.

குழாய்க்குள் ஒலி எப்படிப் போகும், எப்படி அடங்கும் என்பதில் நம்ம நாட்டின் பெரிய பெயர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எம்.எல். முஞ்சால். குழாய்கள், மஃப்ளர்களின் ஒலியியல் பற்றி 1987-ல் வந்த அவரது புத்தகத்தை உலகம் முழுக்கப் படிக்கிறாங்க. சைலன்சரில் ஆர்வம் உள்ள ஆட்டோமொபைல் மாணவர்கள் லைப்ரரியில் தேடிப் பாருங்க.

பெரிய விசிறிக்கும் எல்லை உண்டு. விசிறி பெருசானா எடை கூடும், உறை பெருசாகிக் காற்றைத் தடுக்கும், இறக்கைக்கும் தரைக்கும் நடுவுல இடம் பத்தாது. ஒரு கட்டத்துக்கு மேல, இன்ஜினில் கிடைத்த லாபத்தை விமானம் இழந்துடும். "பெர்ஃபார்மன்ஸ்" என்பது உந்துவிசை மட்டுமும் இல்லை, நம்பகமும் அதுல சேரும். 2023-ல் இதே கியர் இன்ஜினின் சில பாகங்களுக்கான உலோகப் பொடியில் மாசு இருந்தது தெரிய வந்து, இண்டிகோவின் பல விமானங்கள் தரையில் நின்றன. கோளாறு கியரில் இல்லை. ஆனாலும் நிற்கிற இன்ஜின் எவ்வளவு அமைதியா இருந்தும் பயன் இல்லையே.

ரம்பப் பல் நாசில்

போயிங் 787 இன்ஜினின் பின்விளிம்பு ரம்பப் பல் மாதிரி வெட்டி இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்கு செவ்ரான்னு பேர். கிரேட்ரெக்ஸின் நெளிவுக்குப் பேரன்னு சொல்லலாம். ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இரண்டு சுழல்கள் எதிரெதிரா சுழன்று, ஜெட்டையும் வெளிக்காற்றையும் மென்மையா கலக்குது. பல்லை உள்பக்கமா அதிகம் வளைச்சா கலப்பு நல்லா நடக்கும், ஆழ்ந்த உறுமல் குறையும். ஆனா உந்துவிசை இழப்பும் கீச்சொலியும் கூடும். குறைவா வளைச்சா இழப்பு இல்லை, பலனும் இல்லை.

இந்த இழுபறிக்கு ஒரு அருமையான விடையை 2005-ல் போயிங், ஜிஇ, நாசா உள்ளிட்டோர் சேர்ந்து 777 விமானத்தில் பறக்கவிட்டுச் சோதிச்சாங்க. செவ்ரானுக்குள் நிக்கல்–டைட்டானியம் கலந்த, வடிவத்தை நினைவில் வைக்கும் உலோகம். தரைக்குப் பக்கத்தில் சூடா இருக்கும்போது பல் உள்ளே வளைஞ்சு நிற்கும், சத்தம் குறையும். உயரத்துக்குப் போனதும் குளிரில் உலோகம் தளர்ந்து பல் நேராகிடும், இழப்பு குறையும். மோட்டார் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். சத்தம் முக்கியமான இடத்துல மட்டும் விலை கொடு, மத்த இடத்துல கொடுக்காதே என்பதுதான் அதோட பாடம்.

செவ்ரானுக்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. நாசில் வாயில் குறுக்கே நீட்டி வைக்கும் சின்னத் தகடு, டேப்னு சொல்வாங்க. இதில் நிறைய வேலை செய்தவர் கான்பூர் ஐஐடி பேராசிரியர் இ. ராதாகிருஷ்ணன். ஏரோ மாணவர்கள் கையில் இருக்கும் கேஸ் டைனமிக்ஸ் புத்தகம் அவர் எழுதினதுதான். டேப்பின் நீளம் நாசிலின் ஆரம் வரைக்கும் போகலாம்னு அவர் காட்டிய வரம்புக்கு அவர் பெயரையே வச்சிருக்காங்க. டேப் நல்லா கலக்கும். ஆனா வழியை அடைக்கும், அதனால உந்துவிசை போகும்.

இனி உங்க முறை

கோவையைச் சுற்றி ஏரோநாட்டிக்கல் துறை இருக்கிற கல்லூரிகள் பல. "நாசிலில் செவ்ரான் வைத்துச் சத்தம் குறைத்தல்" என்பது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நல்லா ஓடுற தலைப்பு. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் "2 டெசிபல் குறைந்தது"ன்னு இருக்கும். உந்துவிசை எவ்வளவு போச்சுன்னு ஒரு வரி இருக்குமா? அந்த வரி இல்லாட்டி அந்த 2 டெசிபலுக்கு அர்த்தமே இல்லை. ஏன்னு பாருங்க.

ஒரே நாசில், வேகத்தை மட்டும் குறைக்கறோம்னு வச்சுக்கங்க. உந்துவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, சத்தம் எட்டாவது அடுக்கைப் பொறுத்தது. ஆக, சத்தம் உந்துவிசையின் நாலாவது அடுக்கு. உந்துவிசையை 5.5% குறைச்சாலே சத்தம் 1 டெசிபல் குறைஞ்சிடும். செவ்ரானே வேண்டாம், வால்வை லேசா மூடினா போதும்!

இதை நேர்மையா சோதிக்க நாலு படி:

1. நாசில். 10 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட நாசில், அதே விட்டத்தில் ஒரு செவ்ரான் நாசில், லேத்தில் செஞ்சுக்கங்க. நாசிலுக்கு முன்னால ரெகுலேட்டர். அழுத்தத்தைக் கேஜில் சுமார் 0.5 பார்ல நிறுத்துங்க. ஜெட் வேகம் விநாடிக்கு 260 மீட்டர் பக்கம் வரும். 0.9 பாரைத் தாண்டினா நாசில் ஒலி வேகத்தில் அடைபட்டு, அதிர்வலைச் சத்தம் வந்து கணக்கையே மாத்திடும். இதுக்கு நிமிடத்துக்கு 48 கன அடி அளவு காற்று வேணும். சின்ன கம்ப்ரசர் தொடர்ந்து தராது, டேங்க்கை நிரப்பிச் சில விநாடிகள் ஓட்டுங்க.

2. தராசு. நாசிலை மேல்நோக்கி வச்சு, அந்த அமைப்பை ஒரு டிஜிட்டல் தராசின் மேல ஏத்துங்க. உந்துவிசை 7 நியூட்டன் பக்கம் வரும், தராசில் ஏறக்குறைய 700 கிராம் கூடும். மளிகைக்கடைத் தராசே ஒரு கிராம் காட்டும். 5.5% இழப்புன்னா 40 கிராம், கண்ணுக்கே தெரியும். காற்றுக் குழாயின் விறைப்பு தராசை இழுக்கும். அதனால முதல்ல தெரிஞ்ச எடைக்கற்களை வச்சுச் சரிபாருங்க.

3. ஒரே உந்துவிசையில் ஒப்பிடுங்க, ஒரே அழுத்தத்தில் இல்லை. செவ்ரான் நாசிலில் 680 கிராம்தான் காட்டுதா? அழுத்தத்தைக் கூட்டி 700-க்குக் கொண்டு வாங்க. அப்புறம் டெசிபல் எடுங்க. அப்பவும் சத்தம் குறைவா இருந்தா, அதுதான் உண்மையான லாபம்.

4. மைக். ஜெட்டுக்குள்ள மைக் இருக்கக்கூடாது, நாசிலிலிருந்து அரை மீட்டருக்கு மேல தள்ளி இருக்கணும். ஜெட்டுக்குச் செங்குத்தா ஒரு இடம், ஜெட்டின் திசையிலிருந்து 30 டிகிரியில் இன்னொரு இடம். காற்று விடாதபோது ரூமில் இருக்கும் சத்தம், அளக்கும் சத்தத்தைவிட 10 டெசிபலாவது கீழே இருக்கணும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம்.

போன் மைக் போதுமான்னு கேட்பீங்க. இங்க ஒரு பொறி இருக்கு. சுழலின் அதிர்வெண், வேகத்தை விட்டத்தால் வகுத்த அளவுக்கு ஏத்த மாதிரி மாறும். 1 மீட்டர் நாசிலில் 50 ஹெர்ட்ஸில் உறுமும் சத்தம், உங்க 10 மில்லிமீட்டர் நாசிலில் 5,000 ஹெர்ட்ஸில் வரும். பெரிய இன்ஜினில் 250 ஹெர்ட்ஸில் கேட்பது உங்க நாசிலில் 25,000 ஹெர்ட்ஸ். போன் மைக்குக்கு 20,000-க்கு மேல காது கேட்காது. செவ்ரான் குறைப்பது அடி அதிர்வெண்ணை, கூட்டுவது மேல் அதிர்வெண்ணை. அப்ப உங்க போன் செவ்ரானின் நல்லதை மட்டும் காட்டி, கெட்டதை மறைச்சிடும். ஈசிஇ நண்பர்களைக் கூப்பிட்டு, 40,000 ஹெர்ட்ஸ் வரை அளக்கிற மைக்கும் வேகமான டேட்டா பதிவும் ஏற்பாடு பண்ணுங்க. முடியலைன்னா, எந்த அதிர்வெண் வரைக்கும் அளந்தோம்னு ரிப்போர்ட்டில் தெளிவா எழுதுங்க.

கடைசியா ஒரு உதாரணம்

பழைய ஏ320 விமானங்கள் இறங்கும்போது ஒரு விசில் சத்தம் வரும். இறக்கையின் அடியில், எரிபொருள் டேங்க்குக்கான சின்ன வட்டத் துளைகள் இருக்கு. காலி பாட்டில் வாயில் ஊதினா சத்தம் வருமே, அதே மாதிரி காற்று அந்தத் துளைகளை ஊதிட்டு இருந்தது. துளைக்கு முன்னால ஒரு சின்ன உலோகத் துண்டு வச்சாங்க. அது காற்றைக் கலைச்சுவிட்டது, விசில் நின்னுடுச்சு. 2014-ல் லுஃப்தான்சா தன் விமானங்களில் அதை மாட்ட ஆரம்பித்தது. அளந்து பார்த்ததில் சில இடங்களில் 4 டெசிபல் வரை குறைஞ்சது. உந்துவிசையில் எதையும் தொடவே இல்லை. இறங்கும்போது இன்ஜின் அடங்கித்தான் இருக்கும், அதனால சத்தம் வேற எங்கிருந்தோ வரலாம்னு யாரோ காது கொடுத்துக் கேட்டதால கிடைச்ச பலன் அது.

கோவை விமான நிலையத்தை விரிவாக்கி ஓடுபாதையை நீட்டும் திட்டம் இருக்கு. பெரிய விமானங்கள் வரும், எண்ணிக்கையும் கூடும். அது ஊருக்கு நல்லது. அதே சமயம் சிங்காநல்லூர்க்காரங்க ராத்திரி தூங்கவும் வேணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கப் போற பொறியாளர்களில் சிலர் இப்ப நம்ம கிளாஸ்ல உட்கார்ந்திருக்கலாம். அடுத்த ரிவ்யூவில் யாராவது "சத்தம் குறைஞ்சிடுச்சு சார்"னு ஸ்லைடு காட்டினா, கை தூக்கி ஒரே கேள்வி கேளுங்க: "தராசுல எத்தனை கிராம்?"